தோற்றுக்கொண்டே இருக்கிற உதைபந்தாட்டக் கழகத்தை விட்டுவிடலாமா?

கேள்வி இதுதான்: "அண்ணா, நான் யாழ்ப்பாணம். சின்ன வயதிலிருந்தே மன்செஸ்ரர் யுனைற்றட். 2013க்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கூட இருந்த பெடியள் ஒவ்வொருவராக வேறு கழகத்துக்குப் போய்விட்டார்கள். வட்சப் குழுவில் இப்போது என்னைத்தான் நக்கலடிக்கிறார்கள். எங்கள் ஊர்க் கழகமும் முதல் சுற்றைத் தாண்டுவதில்லை. ஒருநாள் நிலைமை மாறும் என்று நம்பிக்கொண்டு இருப்பதா, இல்லை விட்டுவிடுவதா?"

விடவேண்டாம் தம்பி. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. "ஒருநாள் நிலைமை மாறும்" என்ற நம்பிக்கையில் மட்டும் ஒரு கழகத்தோடு இருப்பவர் சீட்டுக் கட்டுகிறவர் மாதிரி. தன் முறை வரும்வரை பொறுத்திருப்பார். முறை பிந்தினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுவார். உங்கள் நண்பர்கள் போனதும் அதனால்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கட்டிய காசுக்குப் பலன் வேறு இடத்தில் கிடைக்கிறது என்று கண்டு போய்விட்டார்கள். நீங்களும் அதே கணக்கில் இருந்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்தில் போய்விடுவீர்கள். ஆகவே அந்தக் கணக்கையே முதலில் பார்ப்போம்.

2013க்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்பது சரியில்லை. நீண்டகாலப் பயிற்றுநர் பேர்குசன் போன பிறகு யுனைற்றட் எஃப்.ஏ. கிண்ணத்தை 2016இலும் 2024இலும் வென்றது. லீக் கிண்ணம் 2017இலும் 2023இலும். யூரோப்பா லீக் 2017இல். எங்கள் ஊரில் ஒரு கழகத்துக்கு இவ்வளவும் கிடைத்திருந்தால் வாசிகசாலைச் சுவரில் கல்வெட்டே வைத்திருப்பார்கள். உங்களுக்கு வலிப்பது லீக் சம்பியன் பட்டம். அது 2013 மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை. 2024–25 பருவத்தில் 42 புள்ளிகளோடு 15ஆம் இடம். பிரீமியர் லீக் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு கீழே முடித்ததில்லை. அதே மே மாதம் பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதிப்போட்டியில், லீக்கில் தங்களைவிடவும் கீழே 17ஆம் இடத்தில் இருந்த ரொட்டன்ஹாமிடம் 1–0 என்று தோற்றார்கள். அந்த இரவு இங்கே விடியப்புறம் வரைக்கும் விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அடுத்த நாள் வேலைக்குப் போகவே மனம் வந்திருக்காது. அந்த வலியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் இதைவிட நீளமான காலத்தை இதே கழகம் கண்டிருக்கிறது. 1967இல் லீக் வென்றவர்கள் அடுத்த லீக் பட்டத்துக்கு 1993 வரை, 26 வருடம் காத்திருந்தார்கள். நடுவில் 1974இல் இரண்டாம் பிரிவுக்கே இறங்கினார்கள். ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று ஆறே வருடத்தில்! அந்த இரண்டாம் பிரிவுப் பருவத்தில் இங்கிலாந்தில் வேறு எந்தக் கழகத்தையும்விட அதிகக் கூட்டம் அவர்களின் ஓல்ட் ட்ரபோர்ட் மைதானத்துக்குத்தான் வந்தது. நீங்கள் இன்று பெருமையாகச் சொல்லும் "பெரிய கழகம்" என்ற பெயரில் ஒரு பெரும்பங்கு, கிண்ணம் தூக்கிய நாட்களில் வந்ததில்லை. அந்த ஒரு வருடம் சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்காமல் வந்த ஆட்கள் கொடுத்தது. லிவர்பூல்காரர் 1990இலிருந்து 2020 வரை பொறுத்தார்கள். லீட்ஸ் 2001இல் சம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடியது, 2004இல் கீழே இறங்கியது, மூன்றாம் பிரிவு வரை போய் 2020இல்தான் மேலே வந்தது.

இதைக் கேட்டதும் "பாருங்கள், எல்லாரும் திரும்பி வருகிறார்கள்தானே" என்று ஆறுதல் அடையாதீர்கள். எல்லாரும் வருவதில்லை. திரும்பி வந்தவர்களின் கதை மட்டும்தான் எங்கள் காதுக்கு எட்டுகிறது. பரி என்றொரு கழகம், மன்செஸ்ரருக்குப் பக்கத்துப் பட்டணம். 1885இல் தொடங்கியது, எஃப்.ஏ. கிண்ணத்தை இரண்டு தடவை, 1900இலும் 1903இலும் வென்றது. 2019 ஓகஸ்டில் கடன் தீர்க்க வழியில்லாமல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. நீக்கிய அதே நாள் காலையில் நூற்றுக்கணக்கான ஆதரவாளர்கள் தும்புத்தடியும் வாளியுமாக மைதானத்துக்கு வந்து கதிரை துடைத்தார்கள். யாரோ வாங்கப்போகிறார்கள், அடுத்த போட்டி நடக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பொழுதுபட முன்னம் அதுவும் போனது. பிறகு அந்த ஆதரவாளர்களே மிகக் கீழ்ப்பிரிவில் புதிதாகத் தொடங்கி, 2023இல் பழைய மைதானத்துக்குத் திரும்பினார்கள். இன்றைக்கு அவர்கள் ஆடும் இடத்தில் கிண்ணம் பற்றிய பேச்சே இல்லை. அப்படியானால் அந்தக் காலையில் கதிரை துடைத்தவர்கள் ஏமாந்தவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை.

ஒரு ஆய்வு உண்டு. 1976இல் றொபேர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் செய்து வெளியிட்டது. சனி ஞாயிறில் தங்கள் அணி வென்றால் திங்கட்கிழமை மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடுப்பு அதிகமாக உடுத்தி வந்தார்கள். கேட்டால் "நாங்கள் வென்றோம்" என்றார்கள். தோற்ற போட்டியைப் பற்றிக் கேட்டால் "அவர்கள் தோற்றார்கள்". மனித சுபாவம் இதுதான், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்களும் தோற்ற இரவுக்கு அடுத்த நாள் சிவப்புச் சேட்டைப் போடாமல் விட்டிருப்பீர்கள். விசுவாசமான ஆதரவாளருக்கு இந்தச் சுபாவம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சங்கடப்பட்டாலும் அவர் அடுத்த போட்டிக்கு வந்துவிடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சண்டர்லாண்டைப் பாருங்கள். 2017இலும் 2018இலும் அடுத்தடுத்து இறங்கி மூன்றாம் பிரிவுக்கு வந்தது. அந்தப் பருவம் நத்தாருக்கு அடுத்த நாள் நடந்த போட்டிக்கு 46,039 பேர் வந்தார்கள். உங்கள் நண்பர்களில் சிலர் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய மன்செஸ்ரர் சிற்றியும் 1998–99இல் மூன்றாம் பிரிவில் ஆடியதுதான். அப்போது சராசரியாக 28,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அந்த 28,000 பேரில் ஒருவராவது உங்களை நக்கலடித்தால் கேட்டுக்கொண்டு இருக்கலாம். அவர் தோல்வி தெரிந்தவர்.

இனி நான் உண்மையாகவே சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜேர்மனியில் யூனியன் பேர்லின் என்று ஒரு கழகம். கிழக்கு பேர்லினின் தொழிலாளர் பகுதி, காட்டோரம் மைதானம். 2004இல் கழகம் முறியும் நிலைமை. காசு திரட்ட ஆதரவாளர்கள் இரத்ததானம் செய்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2008இல் மைதானம் இடிந்துபோகும் நிலையில் இருந்தது, திருத்தக் கழகத்திடம் பணம் இல்லை. 2,000க்கு மேற்பட்ட ஆதரவாளர்கள் முறைவைத்து வந்து, கொங்கிரீட் போட்டு, இரும்பு தூக்கி, ஏறத்தாழ 1,40,000 மணித்தியாலம் சம்பளமில்லாமல் உழைத்து அதைக் கட்டி முடித்தார்கள். அதற்கும் பத்து வருடம் கழித்து, 2019இல்தான் அந்தக் கழகம் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஜேர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லீகாவுக்கு ஏறியது.

முதல் போட்டி அன்று ஒரு காரியம் செய்தார்கள். இந்த நாளைக் காணாமலே இறந்துபோன ஆதரவாளர்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்து, அப்பாவின் படத்தை மகனும், கூட்டாளியின் படத்தைக் கூட்டாளியுமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நூற்றுக்கணக்கான முகங்கள். போட்டி என்னவாயிற்று? லைப்சிக்கிடம் 4–0 என்று தோற்றார்கள்! அன்றைக்கு அங்கே நின்ற ஒருவரிடம் போய், "உங்கள் அப்பா வாழ்நாள் முழுதும் வந்தது வீணா?" என்று கேட்டுப்பாருங்கள். பலனைப் பார்க்காமல் போனவர்கள்தான் அந்தக் கழகத்தைக் காப்பாற்றி வைத்தவர்கள். அவர்களில் யாரும் புண்டஸ்லீகாவுக்காக வந்தவர்கள் இல்லை. அது அவர்களின் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் நிற்கும் அதே ஆட்கள், அதே சிவப்பு வெள்ளை, அதற்காக வந்தார்கள்.

லண்டனில் விம்பிள்டனுக்கு நடந்தது இன்னும் எங்களுக்குக் கிட்டவான கதை. 1988இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த கழகம் அது. சொந்த மைதானம் இல்லாமல் வேறொரு கழகத்தின் மைதானத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. 2002 மே மாதம், கழகத்தை நூறு கிலோமீற்றர் அளவு தள்ளி இருக்கும் மில்ற்றன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்துவிட்டது. உரிமையாளர் கழகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார், ஊர் அங்கேயே நிற்கிறது. ஆதரவாளர்கள் சில கிழமைக்குள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கினார்கள். பொதுவெளியில், புல்தரையில், வந்த பெடியங்களை ஆடவிட்டுப் பார்த்து அணி தெரிந்தார்கள். ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஏறி ஒன்பது வருடத்தில், 2011இல், லீக்குக்குள் வந்தார்கள். 2020இல் தங்கள் பழைய மைதானம் இருந்த அதே வீதியில் புது மைதானம் கட்டித் திரும்பினார்கள். பழைய கிண்ணங்களின் உரிமை 2007இலேயே அந்த ஊர் நகரசபைக்கு மீண்டுவிட்டது. சட்டத்தின்படி கழகம் யாருடையது என்பது ஒரு விஷயம். அது எங்கே இருக்கிறது என்பதை அங்கே போய் நிற்கிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

எங்களுக்குக் கிட்டவான கதை என்று ஏன் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இது தலைகீழாக நடந்தது. அங்கே ஊரை விட்டுக் கழகம் போனது. இங்கே ஊரே எழும்பிப் போனது, கழகம் மட்டும் விடவில்லை. 1990 ஜூனில் யுத்தத்தால் எங்கள் பக்கத்துச் சனம் எல்லாம் வெளிக்கிட்டது. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, வசாவிளான் என்று ஊர் ஊராக இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. எங்கள் கழகத்தின் மைதானம், கட்டிடம், அலுமாரியில் இருந்த கிண்ணங்கள், குழுப்படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. மல்லாகம், சுன்னாகம், உடுவில் பக்கத்து முகாம்களிலும் சொந்தக்காரர் வளவுகளிலும் சிதறி இருந்தோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்த பிறகு அந்தச் சிதறலும் சிதறியது. தென்மராட்சி, வன்னி, பிறகு திரும்பி வந்து மறுபடி முகாம்.

அந்தக் காலம் முழுக்க எங்கள் கழகம் சுற்றுப்போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தது. பயிற்சிக்கு நிலம் இல்லை. அயலூர்க் கழகம் தங்கள் பயிற்சி முடித்து இருட்டும் நேரம் தரும் அரை மணித்தியாலம்தான். சப்பாத்து ஆளுக்கொன்று இல்லை, மாற்றி இறங்குகிறவர் வெளியே வருகிறவரின் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு போவார். அப்படி ஆடினால் என்ன முடிவு வரும்? பெரும்பாலும் முதல் சுற்றிலேயே வெளியே. நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனீஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றிசியன்ஸ் போன்ற கழகங்கள் எங்கே, நாங்கள் எங்கே.

ஆனால் போட்டி என்றால் எங்கள் சனம் வரும். நான்கைந்து முகாம்களிலிருந்து, சைக்கிளில், பஸ்ஸில், பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும். பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மம்மாமாரும் வருவார்கள். ஏனென்றால் ஊர்ச் சனம் ஒன்றாகக் கூடுவதற்கு இருந்தது அந்த இடம்தான். எல்லைக்கோட்டுக்கு வெளியே யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யாருடைய நிவாரண அட்டை இன்னும் வரவில்லை என்று கதை போகும். கீழ்த்தெரு, கடற்கரைத்தெரு, கோயிலடி என்று ஊரில் எப்படி இருந்தார்களோ அப்படியே பிரிந்து நிற்பார்கள். போட்டி நடக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலம் ஊர் திரும்ப இருந்தது. ஸ்கோர் 5–0 என்றாலும் கடைசி விசில் வரைக்கும் யாரும் போகமாட்டார்கள், போனால் அந்த ஊரும் கலைந்துவிடும்.

காணிகள் பிறகு கட்டம் கட்டமாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுபட்டது. இன்னும் விடாத காணிகளும் உண்டு. திரும்பிப் போன ஊர்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வீடு கட்டிமுடிக்க முன்னமே பற்றை வெட்டி மைதானத்தைத் துப்புரவாக்கி இரண்டு கோல்கம்பம் நட்டுவிடுவார்கள். தோற்றுத் தோற்றுப் பெயரைக் காப்பாற்றி வைத்த ஒரு கழகம் இருந்திருக்காவிட்டால் அந்தப் பெடியங்களுக்கு எந்த ஊர்ப் பெயரில் இறங்குவது என்று தெரிந்திருக்குமா? முகாமில் பிறந்தவர்கள் அவர்கள். ஊரை அவர்களுக்கு முதலில் காட்டியது ஒரு ஜேர்சி.

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகமும் இப்படியொன்றுதான். 1920இல் தொடங்கியது. 1947 பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அதைத் தங்கள் ஊராக எடுத்துக்கொண்டார்கள். இன்று அதன் பேரப்பிள்ளைத் தலைமுறை, தாங்கள் ஒருநாளும் கண்டிராத நிலத்தின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. பல வருடம் பெரிய கிண்ணம் ஒன்றும் இல்லாமல் இருந்து 2024 ஜனவரியில் சூப்பர் கிண்ணம் எடுத்தார்கள். இடையில் யாரும் அதே நகரின் போட்டிக் கழகமான மோகன் பகானுக்கு மாறியதாக நான் கேள்விப்படவில்லை.

ஆக, உங்கள் கேள்வியின் இரண்டு பாதியும் சமமானவை இல்லை. நீங்கள் யுனைற்றட்டைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள், ஊர்க் கழகத்தைப் பற்றி ஒரு வரி. நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். ஓல்ட் ட்ரபோர்டில் 74,000 பேர் இருக்கலாம். நீங்கள் இங்கே ரீவியை நிறுத்தினால் அங்கே ஒரு கதிரையும் வெறுமையாகாது. உங்கள் ஊர் மைதானத்தில் நீங்கள் வராவிட்டால் அது தெரியும். "தம்பியைக் காணேல்லை" என்று யாராவது கேட்பார்கள். யுனைற்றட்டை விடச் சொல்லவில்லை. சின்ன வயதில் பற்றிய அன்பை வெட்டி எறியத் தேவையில்லை, எறிந்தாலும் அந்த இடத்தில் வேறு கழகம் முளைக்காது. புதிதாகப் பிடித்த கழகம் வென்றால் சந்தோஷப்பட ஒன்று கிடைக்கும், தோற்றால் வலிக்கவே வலிக்காது. அது ஆதரவு இல்லை. ஆனால் கழகம் ஒன்றுக்கு ஆள் தேவைப்படும் காலம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு மன்செஸ்ரர் வேண்டாம், உங்கள் ஊர் போதும்.

விசுவாசம் என்றால் வாய்பொத்தி இருப்பது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உரிமையாளரும் கழகமும் ஒன்றல்ல, நிர்வாகமும் கழகமும் ஒன்றல்ல. 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி யுனைற்றட்டை வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே போட்டது. 2010இல் ஆதரவாளர்கள் சிவப்பை விட்டு, கழகம் நியூற்றன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்துப் பச்சையும் மஞ்சளும் போட்டு வந்து எதிர்த்தார்கள். போட்டிக்கு வராமல் விட்டல்ல, வந்து எதிர்த்தார்கள். 2021 ஏப்ரல் 18இல் ஆறு இங்கிலாந்துக் கழகங்கள் சூப்பர் லீக் என்று தனியாகப் போகிறோம் என்றன. ஆதரவாளர்கள் வீதிக்கு இறங்க, இரண்டு நாளில் ஆறும் பின்வாங்கின. போட்ஸ்மவுத் இன்னும் நல்ல உதாரணம். 2008இல் எஃப்.ஏ. கிண்ணம், 2010இல் கடனில் மூழ்கியது, 2013இல் நான்காம் பிரிவு. அப்போது ஆயிரம் பவுண் ஒரு பங்கு என்று 2,000க்கு மேற்பட்ட ஆதரவாளர்கள் சேர்ந்து கழகத்தையே வாங்கினார்கள், கடனைத் தீர்த்தார்கள், 2017இல் தங்கள் பிரிவில் சம்பியன் ஆக்கிவிட்டுத்தான் கைமாற்றினார்கள். கூட நின்றவருக்குத்தான் கேட்கும் உரிமை உண்டு, கேட்டால் எடுபடும்.

இங்கேயும் கேட்கவேண்டியவை இருக்கின்றன. புலம்பெயர்ந்த எங்கள் சனம் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று எங்கிருந்தாலும் ஊர்க் கழகத்துக்கு அள்ளிக் கொடுக்கிறது. அந்தக் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். மின்னொளி, பெரிய கிண்ணம், பரிசுத்தொகை, அழைப்பிதழ். 12 வயதுப் பெடியங்களுக்குப் பயிற்றுநர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு சுற்றுப்போட்டிக்காக வெளியூர் ஆட்களைக் காசு கொடுத்து இறக்கிவிட்டு, ஊர்ப் பெடியன் வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல் தூக்குகிற கழகங்களை நான் கண்டிருக்கிறேன். அப்படி வாங்கிய கிண்ணத்தைவிட உங்கள் கழகத்தின் முதல் சுற்றுத் தோல்வி மேல். மேலே தேசிய மட்டமும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது. மேலே இருப்பவர்கள் அடிபட்டுக்கொள்ளும்போது கீழே ஆட்டத்தைப் பிடித்து வைத்திருப்பவை பாடசாலைகளும் ஊர்க் கழகங்களும்தான். சென். பற்றிக்ஸ், இளவாலை சென். ஹென்றிஸ், தெல்லிப்பழை மகாஜனா என்று சொல்லிக்கொண்டு போகலாம். மகாஜனாவின் பெண்கள் அணியைக் கண்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு போட்டிக்குப் போய்ப் பாருங்கள், அவர்களுக்கும் கரையில் நின்று கத்த ஆட்கள் வேண்டும்.

யுனைற்றட்டோடு எப்படி இருப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அவர்களின் இரவுப் போட்டி மாரியில் எங்களுக்கு ஒன்றரை மணிக்குத் தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் விழித்திருக்கத் தேவையில்லை, சனிக்கிழமைப் போட்டி இரவு எட்டரைக்கு வருகிறது, அதை வடிவாகப் பாருங்கள். முடிவை மட்டும் பார்க்காமல் பெடியங்களைப் பாருங்கள். 1937 ஒக்ரோபரிலிருந்து தங்கள் இளையோர் அணியில் வளர்ந்த ஒருவராவது இல்லாமல் யுனைற்றட் ஒரு போட்டிக்கும் போனதில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னம் தொடங்கியது, 4,000 போட்டிகளைத் தாண்டிவிட்டது. இரண்டாம் பிரிவில் இருந்தபோதும் அது விடுபடவில்லை, 15ஆம் இடத்திலும் விடுபடவில்லை. 2024 எஃப்.ஏ. கிண்ண இறுதியில் சிற்றிக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்ட கோபி மைனூ சிறுவனாக அங்கே வந்து வளர்ந்தவர், அப்போது வயது 19. மோசமான பருவத்திலும் இப்படி ஒருவரைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். வீரர்களைத் திட்டி எழுதாதீர்கள். 2021 யூரோ இறுதியில் பனால்டி தவறவிட்ட றாஷ்போர்ட், சாஞ்சோ, சாகா மூவருக்கும் நடந்த நிறவெறி வசவு, "நான் ஆதரவாளன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் செய்தது. பந்தயம் கட்டாதீர்கள். தோற்ற இரவின் கோபத்தை வீட்டில் காட்டாதீர்கள்.

நண்பர்களின் நக்கலுக்கு மறுமொழி எழுதத் தேவையில்லை. குழுவை விட்டு வெளியேறவும் வேண்டாம், அவர்கள் உங்கள் கூட்டாளிகள். அவர்களில் இரண்டு பேரையாவது ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யார் எந்தக் கழகம் என்ற பிரிவு அங்கே இல்லை, எல்லாரும் ஒரே கரையில்தான் நிற்கவேண்டும்.

கழகச் செயலாளரிடம் அடுத்த போட்டி எப்போது என்று கேளுங்கள். பார்க்க மட்டும் வருகிறேன் என்று சொல்லாதீர்கள். சுண்ணாம்பால் கோடு போட, வலை கட்ட, பந்து பொறுக்க, சின்னப் பெடியங்களை ஏற்றி இறக்க ஆள் எப்போதும் குறைவு. நாலு மணிக்குப் போட்டி என்றால் இரண்டரைக்கே அங்கே நில்லுங்கள்.